மழைக்கு முன்னால் தரையை வழித்தால்: குலசேகரம் பக்கத்துச் சரிவுத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் நடுவே, மேற்கே பார்த்துச் சரியும் ஒரு பொற்றையில் (சிறு குன்றில்) அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்ட விளை (தோட்டம்) இருக்கிறது. ஆளுக்கு ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், நடுவில் ஒரு கையாலைதான் எல்லை. மண்ணும் சரிவும் மழையும் இரண்டு பாகத்துக்கும் ஒன்றுதான். 2017 நவம்பர் 30 அன்று ஓக்கிப் புயல் அடித்தபோது இரண்டு பாகத்திலும் ரப்பர் சாய்ந்தது. விழுந்த மரத்தை வெட்டி விற்றார்கள், வேரைத் தோண்டி எடுத்தார்கள், மிச்சத்தைத் தீ வைத்தார்கள். மறுபடியும் ரப்பர் வைத்தால் பால் வெட்ட ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும், விலையும் நிலையாக இல்லை என்று இருவருமே பழமரத்துக்கும் வாசனைப் பயிருக்கும் மாறினார்கள். ரம்புட்டான், ஜாதிக்காய், கிராம்பு, ஓரத்தில் பலா, இடையில் மட்டி வாழை.

இதுவரை இரண்டும் ஒரே கதை. தரையை என்ன செய்தார்கள் என்பதில்தான் பிரிகிறது.

நான் மாமா என்று கூப்பிடும் தம்பி உழைப்பாளி. தினமும் தோட்டத்தில் நிற்பவர், உரம் தவறாதவர், ஒரு புல் முளைக்க விடாதவர். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைகள் வளைகுடாவில். அவர் பாகத்தில் களைக்கொல்லி அடிக்க ஆளும் இல்லை, மனசும் இல்லை. அடிவாரத்தில் மாடு வளர்க்கும் ஒரு அக்கா வந்து புல் அறுத்துக்கொள்வார், வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை மிஷின் வைத்து உயரமாக வளர்ந்ததை வெட்டிப் போடுவார்கள், அவ்வளவுதான். ஊரில் யாரைக் கேட்டாலும் தம்பி விளைதான் நல்ல விளை என்பார்கள். எனக்கும் பார்வைக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆனால் 2021 நவம்பர் பெருமழைக்குப் பிறகு தம்பி பாகத்தில் தட்டுகள் (சரிவில் படிபடியாக வெட்டிய சமதளங்கள்) மூன்று இடத்தில் இடிந்து இறங்கின, அண்ணன் பாகத்தில் ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்துதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். இது ஆராய்ச்சி நிலையத்துச் சோதனைத் திடல் இல்லை, திட்டமிட்டுச் செய்ததும் இல்லை. ஆனாலும் ஒரே மண்ணில் இரண்டு விதமாகத் தரையை வைத்திருந்த இடம் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பது அபூர்வம்.

தரையில் என்ன தெரிந்தது

முதலில் தம்பி பாகம். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், நின்று பார்த்தால் சுத்தமான செம்மண். உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொரு சரளைக்கல்லுக்கும் அடியில் ஒரு சின்ன மண் தூண் நிற்கிறது, அந்தக் கல்லைக் குடையாகப் பிடித்துக்கொண்டு. கல் மறைத்த இடத்தில் மண் மிஞ்சியது, சுற்றிலும் மழைத்துளி அடித்து மண் போய்விட்டது. சில இடத்தில் கல் கூட இல்லை, காய்ந்த ஒரு ரம்புட்டான் இலை கிடந்த இடத்தில் அதே மாதிரி மேடு. ஒரு இலை தாங்கிய மண்ணைச் சுற்றியிருந்த வெறும் தரை தாங்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

அப்புறம் மரத்தின் வேர்க்கழுத்து. நடும்போது மண்ணோடு மட்டமாக இருந்தது, தட்டின் விளிம்புப் பக்கம் இருக்கும் கன்றுகளில் மூன்று விரல் உயரத்துக்கு வெளியே வந்து நிற்கிறது. கிராம்புக்கு உணவு எடுக்கும் வேர் மேலாகத்தான் ஓடும், அந்த வேர்கள் வெயிலில் கறுத்துக் கிடந்தன. இலை மஞ்சளாகிறது என்று மாமா இன்னும் கொஞ்சம் உரம் போட்டார், அந்த உரம் அடுத்த மழையில் ஓடைக்குப் போனது.

எல்லா இடத்திலும் மூன்று விரல் போகவில்லை. உள்பக்கம் குறைவு, சில இடத்தில் மேலிருந்து வந்த மண் படிந்தும் இருக்கிறது. சராசரியாக ஒரு சென்டிமீட்டர்தான் போயிருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் என்றால் 40 கன மீட்டர் மண், கன மீட்டருக்கு 1.3 டன் என்று எடுத்தால் 52 டன்னுக்கு மேல். வழிக்கப்படாத மலைப்பக்கத்து மேல்மண்ணில் அங்ககக் கரிமம் (மக்கிய இலை தழையிலிருந்து மண்ணில் சேரும் கரிமம்) 2 சதவீதம் என்று எடுத்தால், அந்த ஒரு சென்டிமீட்டரோடு ஏக்கருக்கு ஒரு டன் கரிமம் இறங்கிப் போயிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் என்றால் நூறு கிலோ. ஒரு மில்லிமீட்டர் போனதை யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

உண்மையில் இதைவிட அதிகமாகத்தான் போகும். ஓடும் தண்ணீர் கல்லையும் மணலையும் கடைசியில்தான் எடுக்கும். முதலில் எடுப்பது களிமண் தூள், மக்கிய இலைத்துகள், சாணித்துகள் மாதிரி லேசானதையெல்லாம். கரிமம் ஒட்டியிருப்பது அவற்றில்தான். அதனால் அடித்துப் போகும் மண்ணில் கரிமம் பெரும்பாலும் அங்கே மிஞ்சும் மண்ணில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும்.

அண்ணன் பாகத்தில் மண்ணைத் தோண்டக் கம்பி தேவைப்படவில்லை, விரல் போகிறது. மேலே ஒரு இலைப் படுகை, அதற்குக் கீழே வெள்ளைப் பூஞ்சை நூல் ஓடும் பாதி மக்கல், அதற்கும் கீழே கறுத்த மண். மண்புழு எச்சம் நிறைய. களை என்று சொன்னால் தொட்டாச்சிணுங்கி, மூக்குத்திப்பூ, எருமைப்புல், ஓரத்தில் கம்யூனிஸ்ட் பச்சை. வேர்க்கழுத்து நட்ட உயரத்திலேயே இருந்தது.

இரண்டு பாகத்திலிருந்தும் நெல்லிக்காய் அளவு மண்கட்டி ஒவ்வொன்று எடுத்து நிழலில் காய வைத்து, இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மெதுவாக உள்ளே விட்டுப் பார்த்தோம். தம்பி பாகத்துக் கட்டி சட்டென்று குமிழ் விட்டு உடைந்து, தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. அண்ணன் பாகத்துக் கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது, மேலே இருக்கும் தண்ணீரில் அந்தப் பக்கம் பார்க்க முடிந்தது. மாமா ரொம்ப நேரம் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர் விடும் பசையும், பூஞ்சை நூலும், மக்கலும் சேர்ந்துதான் மண்ணைக் கட்டியாகப் பிடிக்கின்றன. அந்தக் கட்டிக்குள்தான் கரிமம் நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் பத்திரமாக இருக்கும். கட்டி உடைந்தால் அடித்துப் போவது ஒரு பக்கம், உள்ளே பூட்டி வைத்த கரிமம் நுண்ணுயிருக்குத் தீனியாகி, கரியமில வாயுவாகக் காற்றுக்குப் போவது மறுபக்கம். நிழல் இல்லாத வெறும் மண் வெயிலில் கொதிக்கும். ஈரமும் சேர்ந்தால், பத்து டிகிரி சூடு கூடும்போது நுண்ணுயிர் வேலை ஏறக்குறைய இரட்டிக்கும். கோடைமழை பெய்த மறுநாள் வெயில் அடித்தால் தரையில் அதுதான் நடக்கிறது.

எப்போது சுத்தம் செய்கிறோம் என்பதுதான் பிரச்சினை

இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் களைக்கொல்லி நல்லதா கெட்டதா என்ற சண்டையில் இது தொலைந்துவிடுகிறது.

நம் மாவட்டத்து மலைப்பக்கம் மூன்று மழை பார்க்கும். சித்திரை வைகாசியில் இடியோடு வரும் கோடைமழை, அப்புறம் இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை, அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. உரம் வைப்பது எப்போது? இடவப்பாதிக்கு முன்னால் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை. உரம் வைக்க வேண்டுமென்றால் தரை சுத்தமாக வேண்டும், அதனால் அதற்கு முந்தைய வாரம் மருந்து அடிப்பது அல்லது மம்பட்டி வைத்துச் செதுக்குவது. கணக்கைப் பாருங்கள். வருஷத்தில் மழை பலமாக அடிக்கும் இரண்டு தடவையும், சரியாக அதற்கு முந்தைய வாரம், நாமே தரையை வழித்துத் துடைத்துக் கொடுக்கிறோம். மாசி பங்குனியில் காய்ந்து கிடக்கும்போது புல்லை விட்டுவைத்து, மழை வரும்போது எடுக்கிறோம். தலைகீழாக இருக்க வேண்டியது.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்ன பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. “விளை காடு பிடிச்சுக் கெடந்தா ஆளில்லாத விளைன்னுல்லா சொல்லுவான் மக்களே. நாளைக்கு ஒருத்தன் மரச்சீனி களவாண்டாலும் கேக்க முடியாது.” இது மானத்தோடு சேர்ந்த விஷயம். சுத்தமான விளை என்றால் உழைக்கிற ஆள் என்று அர்த்தம், நம் அப்பா தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் தாத்தா காலத்தில் மம்பட்டியும் வெட்டுக்கத்தியும்தான். எவ்வளவு சுத்தம் செய்தாலும் பாதி வேர் மண்ணில் மிஞ்சும், பத்து நாளில் மறுபடி பச்சை வரும். மருந்து வந்த பிறகு வேரோடு போகிறது, மாதக்கணக்கில் தரை வெறுமையாகக் கிடக்கிறது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. அதில் கவலைப்பட்டது மனிதருக்கும் கால்நடைக்கும் வரும் ஆபத்தைப் பற்றி. சரிவு நிலத்தில் மண்ணுக்கு வரும் கேடு அதற்கு மேல் தனிக்கணக்கு.

மரம் வளர்ந்து மூடிவிட்டால் போதாதா என்றும் கேட்பார்கள். போதாது. பெரிய மழைத்துளி தரையில் விழும்போது மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கும். உயரமான மரத்து இலையில் சேர்ந்து சொட்டும் துளி இன்னும் பெரிது, எட்டொன்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் இழந்த வேகத்தைக் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பப் பிடித்துவிடும். மரத்தடி சுத்தமாக இருந்தால் அங்கேயும் அதே அடிதான். துளியை நிறுத்துவது முழங்காலுக்குக் கீழே இருக்கும் பச்சையும், தரையில் கிடக்கும் சருகும்தான். ரப்பர் நின்ற காலத்தில் இந்தச் சரிவைக் காத்ததும் அதுதான், வருஷா வருஷம் தை மாசி வாக்கில் உதிரும் அந்த இலை மெத்தை. ஓக்கி மரத்தைத்தான் சாய்த்தது, மெத்தையை நாம் தீ வைத்தோம்.

இன்னொன்று ஜேசிபி. தம்பி பாகத்தில் தட்டுகளை ஜேசிபி வைத்து வெட்டினார்கள். சரிவை உள்ளே குடைந்து எடுத்த மண்ணை வெளியே தள்ளித் தட்டு ஆக்கும்போது, உள்பக்கம் கரிமம் இல்லாத மஞ்சள் அடிமண் வெளியே வந்துவிடும், நல்ல மேல்மண் எல்லாம் விளிம்பில் இறுக்கமில்லாத குவியலாகச் சேரும். 2021 மழையில் இடிந்த மூன்று இடமும் அந்தக் குவியல்தான். அதாவது தோட்டத்திலேயே நல்ல மண்தான் முதலில் ஓடையில் இறங்கியது. அண்ணன் பாகத்தில் பழைய ரப்பர் தட்டுகளையே, கையால் வெட்டிய சின்னத் தட்டுகளை, அப்படியே வைத்துக்கொண்டார்கள். இந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும், எல்லாப் பழியையும் களைக்கொல்லி மேல் போட்டுவிடக் கூடாது.

போன கரிமம் எல்லாம் காற்றுக்குத்தான் போகிறதா என்றால் இல்லை. அடிவாரத்தில் வாழை வைத்திருப்பவர் நிலத்தில் ஒரு பங்கு படிகிறது, அவர் வாழை நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பங்கு ஓடை வழியாகக் கோதையாற்றுக்குப் போகிறது. மழைக்காலத்தில் திற்பரப்பில் விழும் தண்ணீர் எதனால் சிவக்கிறது என்று கேட்டால் இதுவும் ஒரு பதில். அடியில் புதைந்த பங்கு அங்கே ரொம்ப நாள் தங்கவும் செய்யும். ஆனால் அது எங்கே போய்த் தங்கினாலும் மாமாவின் ஜாதிமரத்துக்கு இல்லை.

மண்வள அட்டை ஏன் காட்டவில்லை

மாமாவிடம் மண்வள அட்டை இருந்தது. அதில் அங்ககக் கரிமம் நடுத்தரம் என்று போட்டிருந்தது. நம் ஊரில் 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். நடுத்தரம் என்று பார்த்ததும் அவர் நிம்மதியாகிவிட்டார். அட்டை பொய் சொல்லவில்லை, ஆனால் சரிவு நிலத்தில் அதை வாசிக்க ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாதிரி மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கல்லை வீசிவிட்டு, மிஞ்சிய தூளில்தான் சோதனை செய்வார்கள். மண் போகப் போகத் தோட்டத்தில் கல்லின் பங்கு கூடும். ஒரு கூடை மண்ணில் முன்பு கால்வாசி கல் இருந்தது, இப்போது பாதி கல் என்றால், தூளில் சதவீதம் அப்படியே இருந்தால்கூட மொத்தக் கரிமத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். அட்டையில் அதே எண்தான் நிற்கும். அதோடு மேல்மண்ணின் ஆழத்தையும் அட்டை கேட்பதில்லை. அதனால் மலைப்பக்கத்தில் இருப்பவர்கள் மாதிரி எடுக்கும்போதே சலிக்கும் முன்னும் பின்னும் எடை போட்டுக் கல்லின் பங்கை எழுதி வையுங்கள், கறுத்த மண் எவ்வளவு ஆழம் என்று ஒரு குழி வெட்டி அளந்தும் வையுங்கள். இந்த இரண்டு எண் இல்லாமல் சதவீதத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

என்ன மாற்றினார்கள்

தம்பி பாகத்தில் களை எடுப்பதை நிறுத்தவில்லை, இடத்தையும் நேரத்தையும் மாற்றினார்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டம் மட்டும் கையால் சுத்தம், உரம் அந்த வட்டத்துக்குள் மட்டும், வைத்த உடனே மேலே சருகு. மற்ற இடத்தில் மிஷின் வைத்து ஒரு சாண் உயரம் விட்டு வெட்டுவது, வெட்டியதை அங்கேயே போடுவது. அதுவும் எல்லாத் தட்டையும் ஒரே நேரத்தில் வெட்டுவதில்லை, ஒன்று விட்டு ஒன்று. மேல் தட்டிலிருந்து வரும் தண்ணீரைக் கீழ்த்தட்டுப் புல் பிடிக்கும். பெரிய வெட்டு மாசி பங்குனியில். அப்போது வெட்டினால் புல் மரத்தோடு தண்ணீருக்குப் போட்டி போடாது, வெட்டிய சருகு கோடை வெயிலுக்குப் போர்வையாகும், கோடைமழைக்குள் மறுபடி தளிர் வந்துவிடும். சித்திரைக்கு அப்புறம் வட்டத்துக்கு வெளியே கத்தி படக் கூடாது.

தட்டின் விளிம்பில் வெட்டிவேர் வைத்தார்கள், நெருக்கமாக. விளிம்புக்கு உள்ளே அன்னாசி ஒரு வரிசை, கீழே இடிந்த இடங்களில் கிளைரிசிடியா மரத்துப் போத்து (நடும் கம்பு). அந்தத் தழையையும் வெட்டி மரத்தடியில் போடலாம்.

முக்குனா போட்டதில் சிக்கல் வந்தது. ரப்பர் தோட்டங்களில் நன்றாக வரும் மூடுகொடிதான், ஒரு மழைக்காலத்துக்குள் தரையை மூடிவிடும், தழைச்சத்தும் சேர்க்கும். ஆனால் வாராவாரம் பார்க்காவிட்டால் ஜாதிக் கன்று மேல் ஏறி நெரித்துவிடும், பழமரத் தோட்டத்தில் அந்த அளவுக்குக் காவல் இருக்க முடியவில்லை. அதைப் பிடுங்கிவிட்டுப் பியூரேரியா என்ற இன்னொரு மூடுகொடியை இடையில் மட்டும் விட்டார்கள். மற்ற இடத்தில் தானாக முளைப்பதையே வைத்துக்கொண்டார்கள். மிகானியா மாதிரி மரத்தை மூடும் கொடியை மட்டும் கண்டதும் பிடுங்குவது.

பாம்பு பயம் நிஜமானது, அதை யாரும் தட்டிக் கழிக்கக் கூடாது. காலையில் தோட்டத்தில் நடக்கும் பாதைகளை எப்போதும் கட்டையாக வெட்டி வைத்திருக்கிறார்கள், முழங்கால் வரை பூட்ஸ் வாங்கினார்கள், பழம் பறிக்கும் மாதத்தில் மரத்தடி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். செலவும் முதல் வருஷம் மருந்தைவிடக் கூடியது, மிஷினுக்கு ஆள் கிடைப்பதும் லேசில்லை. இப்போது அந்த அக்கா இந்தப் பக்கமும் புல் அறுக்கிறார், அதில் ஒரு பங்கு வேலை குறைகிறது. புல்லை முழுக்கக் கொண்டுபோனால் அதோடு கரிமமும் வெளியே போகும், அதனால் விளிம்பில் இருப்பதை அறுக்கக் கூடாது என்றும், சாணியில் ஒரு பங்கு திரும்ப வர வேண்டும் என்றும் பேசி வைத்திருக்கிறார்கள்.

பலன் என்ன? கண்ணாடி டம்ளர் சோதனைதான் முதலில் மாறியது, மண்கட்டி இப்போது உடனே உடைவதில்லை. மழை நேரத்தில் தட்டிலிருந்து வழியும் தண்ணீரில் சிவப்பு குறைந்திருக்கிறது. மண்புழு எச்சம் வட்டத்துக்குள் வந்துவிட்டது. அட்டையில் கரிமம் கூடவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 790 டன். அதில் 0.1 சதவீதம் கூட வேண்டுமென்றால் முக்கால் டன்னுக்கு மேல் கரிமம் மண்ணில் தங்க வேண்டும். போடும் தழையில் பெரும்பங்கு மக்கும்போதே காற்றுக்குப் போய்விடும். ஐந்தில் ஒரு பங்கு கரிமம் தங்கும் என்று தாராளமாக வைத்தாலும், காய்ந்த எடையில் ஒன்பது டன் தழை வேண்டும், ஒரு ஏக்கருக்கு, அந்த 0.1-க்காக மட்டும். ஒரு சென்டிமீட்டர் மண்ணோடு போன கரிமம் அந்த முக்கால் டன்னைவிட அதிகம். இதனால்தான் சேர்ப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் போவதை நிறுத்துவதைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

மிச்சம் இருப்பது ஒரு இடம். மேல் ரோட்டிலிருந்து ஓவுபாலம் (ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலம்) வழியாக வரும் தண்ணீர் நேராக இரண்டாவது தட்டில் விழுகிறது, எவ்வளவு புல் வைத்தாலும் அந்த வேகத்தை அது தாங்காது. அதை ஓரமாகத் திருப்பி, கல் அடுக்கிய சால் வழியாக ஓடைக்கு இறக்க வேண்டும், அதற்கு அண்ணன் பாகத்து ஓரத்தில் கொஞ்சம் இடம் வேண்டும். அண்ணன் சரி என்றுவிட்டார். ஐப்பசிக்கு முன்னால் கல் வேலை முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் தையில்தான் தொட வேண்டும், மழை நேரத்தில் அந்த இடத்தைக் கிளறக் கூடாது.